புரோகிரசிவ்: முற்போக்கா, வளரிசையா?

ஓபெத் என்ற சுவீடன் நாட்டு மெட்டல் (கனத்த கிட்டார் ஒலி மிகுந்த ராக் வகை) குழுவைப் பற்றிச் சென்னை ரசிகர்கள் இருவர் பேசத் தொடங்கினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் 2011-இல் வெளிவந்த ‘ஹெரிட்டேஜ்’ என்ற அதன் இசைத்தொகுப்பில்தான் வந்து நிற்கும். 2009-இல் ஐ.ஐ.டி. மெட்ராசின் சாரங் விழாவில் இக்குழுவை நேரில் கேட்டவர்கள் இந்நகரில் இருக்கிறார்கள். அவர்கள் அறிந்த ஓபெத், அடித்தொண்டை உறுமலும் இழைந்து வரும் மென்குரலும் ஒரே பாடலுக்குள் மாறி மாறி ஒலிக்கும் ஓபெத். மூன்றாண்டுக்குள் வந்த புதிய தொகுப்பிலோ உறுமல் அறவே இல்லை. கிட்டாரின் கனமும் தணிந்து, 1970-களின் ராக் இசையை நினைவூட்டும் ஆர்கன் ஒலி முன்னுக்கு வந்திருந்தது. “மச்சி, இது புரோகே இல்ல” என்று ஒருவர் சொல்வார்; “இதுதான்டா புரோக்” என்று மற்றவர் அடித்துச் சொல்வார். இருவரும் சுருக்கிச் சொல்லும் ‘புரோகிரசிவ்’ என்ற சொல்லின் வரலாற்றை அறிந்தால், இந்த வழக்கு ஏன் இன்னும் தீரவில்லை என்பது விளங்கும்.

லத்தீன் மொழியில் ‘ப்ரோ’ என்பது முன்னே என்றும், ‘கிராடி’ என்பது அடியெடுத்து வைத்தல் என்றும் பொருள்படும். மாணவர்கள் வாங்கும் கிரேடும், காய்ச்சலை அளக்கும் டிகிரியும் அதே வேரிலிருந்து வந்தவைதாம். எனவே சொல்லின் முதற்பொருள், ஓரடிக்குப் பின் மற்றோரடியாக முன்னே செல்வது என்பதே. இசைக்கு இந்த அடைமொழி முதலில் மெட்டலால் வரவில்லை. 1940-களின் இறுதியில் ஸ்டான் கென்டன் தம் பெரிய ஜாஸ் குழுவின் இசையை ‘புரோகிரசிவ் ஜாஸ்’ என்று அழைத்தார். 1960-களின் இறுதியில் பிரிட்டனின் ராக் குழுக்கள் மூன்று நிமிடப் பாடல் என்ற வரையறையை உடைத்து, நீண்ட அமைப்புகளையும் மேலை செவ்வியல் இசையின் கூறுகளையும் கையாண்டபோது அதே அடைமொழி அவற்றையும் பற்றிக்கொண்டது. 1969-இல் முதல் தொகுப்பை வெளியிட்ட கிங் கிரிம்சன் அவற்றுள் முதன்மையானது. 1980-களில் அமெரிக்காவின் குயின்ஸ்ரைக், ஃபேட்ஸ் வார்னிங் ஆகிய குழுக்களும், பாஸ்டனின் பெர்க்லி இசைக் கல்லூரி மாணவர்கள் 1985-இல் தொடங்கிப் பின்னர் டிரீம் தியேட்டர் என்று பெயர் பெற்ற குழுவும் அந்தப் போக்கை மெட்டலுக்குக் கொண்டுவந்தன. கர்நாடக இசைத் தாளங்களான மிஸ்ர சாபுவின் ஏழையும் கண்ட சாபுவின் ஐந்தையும் கைதட்டி எண்ணிப் பழகிய சென்னைக் காதுக்கு, ஏழிலும் ஐந்திலும் அடிக்கடி நடக்கும் இவ்வகை இசையின் தாளக்கட்டு அவ்வளவு அந்நியமானதன்று என்பதையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது.

சிக்கல் பிறந்த இடம் இதுதான். முன்னே செல்லும் இசை என்று ஒரு செயலைக் குறித்த சொல், சில ஆண்டுகளிலேயே, இன்னின்ன கூறுகள் உடைய இசை என்று ஒரு பாணியின் பெயராக இறுகிவிட்டது. ‘ஹெரிட்டேஜ்’ தொகுப்பைப் பாணியின் அளவுகோலால் அளந்தால், அது 1970-களின் புரோகிரசிவ் ராக்குக்கு மிக நெருக்கமானது. செயலின் அளவுகோலால் அளந்தால், நாற்பதாண்டு பின்னோக்கிச் சென்று பழைய ஒலியை எடுத்து வந்த ஒன்று எப்படி முன்னே செல்வதாகும் என்ற கேள்வி எழுகிறது. தொகுப்பின் தலைப்புக்கே மரபு என்றுதான் பொருள். அதன் அட்டையில் ஒரு மரம். குழுவினரின் முகங்கள் அதில் கனிகளாகத் தொங்குகின்றன. அப்போது விலகிய விசைப்பலகைக் கலைஞரின் முகம் மட்டும் கிளையை விட்டு விழுந்துகொண்டிருக்கிறது. அடியில், முன்னரே விலகியவர்களின் மண்டையோடுகள். குழுவின் தலைவரான மிக்கேல் ஓக்கர்ஃபெல்ட் எதையும் ஒளித்துச் செய்யவில்லை என்பதற்கு அந்த ஓவியமே போதும். உறுமல் போனது இழப்பு என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்த முரண் இல்லாமல் மென்குரலின் அழகுகூடச் சற்று மங்குகிறது. ஆயினும் தான் வெற்றி பெற்ற வாய்பாட்டைத் தானே கைவிட்ட ஒரு குழுவைத் தேங்கிவிட்டது என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

இனித் தமிழுக்கு வருவோம். புரோகிரசிவ் என்றதும் நம் கைக்கு முதலில் வரும் சொல் ‘முற்போக்கு’. முன், போக்கு என்ற இரண்டும் புணர்ந்து னகரம் றகரமாகத் திரிந்த நல்ல சொல். லத்தீன் மூலத்தின் பொருளும் அப்படியே அதில் இருக்கிறது. ஆனால் தமிழில் அது அரசியலிலும் இலக்கியத்திலும் ஆழ வேரூன்றிவிட்டது. ‘முற்போக்கு மெட்டல்’ என்றால், சாதி ஒழிப்பையோ தொழிலாளர் உரிமையையோ பாடும் குழு என்றே வாசகர் கொள்வார். மேலும், முற்போக்கு என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே பிற்போக்கு என்ற வசைச்சொல்லும் நிற்கிறது. பழைய ஒலியை விரும்பிய ஒரு கலைஞரைப் பிற்போக்காளர் என்று சொல்ல வைக்கும் கலைச்சொல் இசைக்கு வேண்டாம்.

பொருளியல் பாடநூல்கள் இதே ஆங்கிலச் சொல்லை வேறு வழியில் தமிழாக்கியுள்ளன. வருமானம் ஏற ஏற விகிதமும் ஏறும் வரியை அவை ‘வளர்வீத வரி’ என்கின்றன. அரசியல் சார்பு ஏதுமின்றி, படிப்படியான ஏற்றத்தை மட்டும் சொல்லும் அந்த ‘வளர்’ நமக்கும் உதவும். எனவே நான் பரிந்துரைப்பது ‘வளரிசை’. இது வளர்பிறை போன்ற வினைத்தொகை. காலம் கரந்த பெயரெச்சமே வினைத்தொகை என்பது நன்னூல். அதன்படி வளர்ந்த இசை, வளர்கின்ற இசை, வளரும் இசை என்ற மூன்றும் இந்த ஒரு சொல்லில் அடங்கும். ஏற்கெனவே உருப்பெற்று முடிந்த பாணியைக் குறிப்பவருக்கும், இன்னும் மாறிக்கொண்டே இருக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பவருக்கும் இச்சொல் இடம் கொடுக்கிறது. 2024-இல் வெளிவந்த ‘தி லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்’ தொகுப்பில் உறுமல் திரும்பியபோது, குழு முன்னே போனதா பின்னே வந்ததா என்று மீண்டும் வாதம் எழுந்தது. திசையைக் குறிக்காத வளரிசையைக் கொண்டு அதைப் பற்றிப் பேசுவது எளிது.

மெட்டல் என்பதை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. ஹெவி மெட்டலைக் ‘கன உலோகம்’ என்று எழுதினால், எண்ணூரின் அனல்மின் நிலையச் சாம்பலைப் பற்றிய செய்தி என்றே சென்னை வாசகர் நினைப்பார். ‘கிரௌல்’ என்பதற்கு உறுமல் போதும். குச்சியால் தோலைத் தேய்த்து ஒலியெழுப்பும் உறுமி நம்மிடம் இருக்கும்போது கர்ஜனையைத் தேடிப் போகவேண்டாம். ஆக, வளரிசை மெட்டல், வளரிசை ராக், வளரிசைக் குழு என்று எழுதலாம். பாணியைச் சுட்டாமல், ஒரு கலைஞர் புதிய தடத்தில் செல்வதை மட்டும் சொல்லவேண்டிய இடத்தில் ‘புதுமை நாடும்’ என்று விரித்தே எழுதிவிடலாம்.