கடைசியாக எப்போது குடித்தீர்கள்?

அவசர சிகிச்சைப் பிரிவு நர்ஸுகளுக்கும் பயிற்சி மருத்துவர்களுக்கும் வகுப்பு எடுக்கும்போது நான் முதலில் சொல்லிக்கொடுப்பது ஒரு கேள்வியைத்தான்: "கடைசியா எப்போ குடிச்சீங்க?"

பைக்கிலிருந்து விழுந்து கால் முறிந்து வந்தவர் ஒருவர். முதல் நாள் அமைதியாகப் படுத்திருந்தார். மறுநாள் கை நடுங்கியது, வியர்த்துக் கொட்டியது. மூன்றாம் நாள் ராத்திரி, போர்வையில் இல்லாத எறும்புகளைப் பொறுக்கிப் பொறுக்கிக் கீழே போட்டுக்கொண்டிருந்தார். டிரிப்ஸைப் பிடுங்கி எறிந்தார். ரகளை செய்கிறார் என்று கை காலைக் கட்டிப்போட்ட பிறகுதான் மனநல மருத்துவரான என்னைக் கூப்பிட்டார்கள். கேஸ் ஷீட்டில் குடியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மனைவியிடம் கேட்டேன். "தினமும் குடிப்பாருங்க டாக்டர். இங்க யாரும் கேக்கலையே."

அது ரகளை இல்லை, உயிரையே பறிக்கக்கூடிய நிலை. தினமும் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் 6 முதல் 8 மணி நேரத்தில் நடுக்கம் தொடங்கும். முதல் 2 நாட்களுக்குள் வலிப்பு வரலாம். அப்புறம்தான் இந்த மனக்குழப்பம். முன்பே தெரிந்திருந்தால் லோராசிபாம் என்ற அமைதிப்படுத்தும் மருந்தும் தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் கொடுத்துப் பெரும்பாலும் தடுத்திருக்கலாம்.

கேட்கும் விதமும் முக்கியம். நாலு பேர் முன்னால் "குடிப்பியா?" என்று அதட்டினால் "இல்லை" என்றுதான் பதில் வரும். அதனால் வகுப்பில் ஒருவரை நோயாளியாகப் படுக்கவைத்து, இன்னொருவரைக் கேட்கச் சொல்வேன். ஒருமுறை அப்படிக் கேட்க வந்த சிஸ்டர் பாதியிலேயே நிறுத்திவிட்டார். "எங்க வீட்லயும் ஒருத்தர் இருக்கார் டாக்டர்" என்றார். அன்று வகுப்பு அதற்கு மேல் நகரவில்லை. நகர்த்தவும் எனக்கு மனம் வரவில்லை.

தற்கொலைக்கு முயன்று வருபவர்களையும் ஊழியர்கள் அதேபோல அதட்டுவதைப் பார்க்கிறேன். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, அவர்களைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர்களாகவே கருதச் சொல்கிறது. அவர்களுக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை. உடம்பு தேறியதும் அப்படியே வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். மனநலப் பிரிவுக்கு வரவேண்டிய தேதியையும், அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸின் எண் 14416-ஐயும் டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதிக் கொடுங்கள். அதில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

குடும்பத்தாருக்கும் ஒன்று. ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது யாரும் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்: தினமும் எவ்வளவு குடிப்பார், கடைசியாகக் குடித்தது எப்போது.