ஒரே அட்டையில் சின்ன முட்டை, பெரிய முட்டை

பெங்களூர் அல்சூரில் நாங்கள் முட்டை வாங்கும் கடையில் சில நாள் எலுமிச்சம்பழம் அளவுக்கு முட்டை வரும். "என்னண்ணா இது?" என்று கேட்டால், "இளங்கோழி முட்டைங்க, ஓடு கெட்டியா இருக்கும்" என்பார் கடைக்காரர். சமாளிக்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனேக்கல் தாண்டிச் சித்தப்பா வைத்திருக்கும் பண்ணையைப் பார்த்த பிறகுதான் அவர் சொன்னது சரி என்று புரிந்தது.

கோழி சுமார் 18 முதல் 20 வாரத்தில் முட்டையிடத் தொடங்கும். முதலில் 45 கிராம் தேறினாலே பெரிது. வயதாக ஆக 60 கிராமைத் தாண்டும். ஆனால் ஓட்டுக்குப் போகும் கால்சியம் கிட்டத்தட்ட அதே 2 கிராம்தான். அதே மாவில் பெரிய தோசை வார்த்தால் மெலிசாகத்தானே வரும்? வழியில் உடைவது பெரும்பாலும் கிழட்டுக் கோழியின் பெரிய முட்டைதான்.

சுமார் 30 வாரத்தில் 100 கோழிக்குத் தினம் 90 முட்டைக்கு மேல் கிடைக்கும். அப்புறம் மெல்ல இறங்கும். கடைக்கு வருஷம் முழுக்க ஒரே எண்ணிக்கையில் முட்டை போக வேண்டுமானால், சில மாத இடைவெளியில் குஞ்சு இறக்கி, பல வயதுக் கோழிகளை வைத்திருக்க வேண்டும். தொல்லை அங்கேதான் ஆரம்பம். ஒன்றுக்கு மருந்தாவது இன்னொன்றுக்கு விஷம்.

முட்டைக்கோழித் தீவனத்தில் கால்சியம் சுமார் 4 சதவீதம். வளரும் கோழிக்கு 1 சதவீதமே போதும். பெரியவற்றின் தீவனத்தையே வாரக்கணக்கில் போட்டால் இளங்கோழியின் சிறுநீரகம் கெட்டு, யூரிக் அமிலம் உள்ளுறுப்புகள் மேல் சுண்ணாம்பு பூசியதுபோல் படிந்துவிடும்.

வெளிச்சமும் அப்படித்தான். கோழியின் மூளை கண் வழியாக மட்டுமல்ல, மண்டையோட்டைத் தாண்டி வரும் ஒளியையும் உணரும். முட்டையிடும் கோழிக்கு 16 மணி நேர வெளிச்சம் வேண்டும். பெங்களூரின் நீண்ட பகலே 13 மணியைத் தொடாது, மீதிக்கு பல்பு. அந்த வெளிச்சம் பக்கத்து வளர்ப்புக் கொட்டகையில் விழுந்தால், உடம்பு தேறாத கோழி சீக்கிரமே முட்டையிட ஆரம்பித்து, முட்டைக்குழாய் வெளியே தள்ளிக்கொள்ளும். சித்தப்பா நடுவில் தார்ப்பாய் கட்டியிருப்பது இதற்காகத்தான். நான் மழைக்கு என்று நினைத்தேன்.

சேர்த்து விட்டால் கொத்திக்கொள்ளும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அதைவிடக் கொடுமை நோய். பெரிய கோழிகள் வெளியே தெரியாமல் கிருமியைச் சுமந்துகொண்டிருக்கும். தொற்று மூச்சுக்குழல் அழற்சி என்ற வைரஸ் நோய், பொரிந்த இரண்டு வாரத்துக்குள் பெட்டைக் குஞ்சைத் தாக்கினால், பிழைத்தாலும் முட்டைக்குழாய் சிதைந்துபோகலாம். வளர்ந்த பிறகு கொண்டை சிவந்து, நன்றாகத் தின்று, பார்க்க ராணி மாதிரி இருக்கும். ஆனால் ஒரு முட்டைகூடப் போடாது.

அதனால் சித்தப்பாவின் காலை வேலை குஞ்சுக் கொட்டகையில்தான் தொடங்கும். கிழட்டுக் கோழிகள் கடைசி. அங்கே நுழைந்துவிட்டால் அன்றைக்குக் குஞ்சுகள் பக்கம் திரும்பிப் போவதில்லை. ஒருநாள் கைபேசியை அங்கே மறந்து வைத்துவிட்டு, மறுநாள் காலைவரை அதை அப்படியே விட்டுவிட்டார்.