பூமிங்கிற வார்த்தைக்குள்ள காணாமப்போன ஒரு சத்தம்

பைபிள் வீட்ல இருந்தா எரேமியா 10:11 எடுத்துப் பாருங்க. அந்தப் புத்தகம் முழுக்க எபிரேயம், இந்த ஒரே ஒரு வசனம் மட்டும் அதோட சொந்தக்கார மொழியான அரமேயிக். அதுல பூமி ரெண்டு தடவ வருது, தமிழ்ல ரெண்டுமே பூமிதான், ஆனா மூலத்துல முதல்ல 'அர்கா', அடுத்து 'அர்ஆ'. ஒரே வசனத்துல ஒரே வார்த்தைய ரெண்டு விதமா எழுதியிருக்காங்க!

மத்த சொந்தக்கார மொழிகள்லயும் கேளுங்க: எபிரேயத்துல எரெட்ஸ், பழைய மெசபடோமியாவோட (இன்னைய ஈராக் பக்கம்) அக்காடியன்ல எர்ஸெது, சிரியாவுல கிடைச்ச உகரித் களிமண் பலகைகள்ல அர்ஸ், அரபில அர்ள். முன்பாதி ஒட்டுது, பின்னாடி வர்ற மெய் மட்டும் ஆளுக்கொரு பக்கம் இழுக்குது. தற்செயலா இருக்கலாமேன்னு தோணும், அதனால வேற வார்த்தை பாக்கணும். முட்டை: அரபில பைளா, எபிரேயத்துல பெய்ட்சா, அரமேயிக்ல பேஅத்தா. ஆடு: ளஅன், ட்சோன், ஆனா (நம்ம 'ஆனா' இல்லீங்க). அதே வரிசை திரும்பத் திரும்ப வருதா, அங்கதான் விஷயம். சரி விரலுக்குப் போனா அரபி இஸ்பஅ, எபிரேயம் எட்ஸ்பா, அரமேயிக்லயும் ஸகரம்தான், ககரமும் இல்ல அகரமும் இல்ல. அப்போ இந்த மொழிகளுக்கெல்லாம் தாயான பழைய மொழில ரெண்டு தனித்தனி சத்தம் இருந்து, எபிரேயத்துல ஒண்ணா கலந்துபோச்சுன்னு அர்த்தம்.

அதுல அர்ள், பைளால வர்ற சத்தம் எப்படித்தான் இருந்துச்சு? 8-ம் நூற்றாண்டு இலக்கண ஆசிரியர் சீபவைஹி, இந்தச் சத்தத்துக்கான அரபி எழுத்தான 'ளாத்'தை விவரிக்கும்போது நாக்கோட ஓரத்தைக் கடவாப்பல்லோட சேர்த்துச் சொல்லணும்ங்கிறார், அதாவது லகரம் மாதிரி காத்து பக்கவாட்டுல போகுது. இன்னைக்கு ஊருக்கு ஊர் பேசுற அரபில அந்த உச்சரிப்பு கிட்டத்தட்ட போயிருச்சு, ஆனா ஸ்பெயின்ல நீதிபதிய குறிக்கிற அல்-காளிய வாங்கி 'அல்கால்தே'ன்னு ஆக்கி மேயருக்கு வச்சிருக்காங்க பாருங்க, அந்த நடு 'ல்' சும்மா வந்ததில்ல. ஓமன், ஏமன்ல பேசுற மெஹ்ரிங்கிற சொந்தக்கார மொழில பக்கவாட்டு சத்தம் இன்னும் உயிரோட இருக்கு. அரமேயிக் எழுதினவங்ககிட்ட இதுக்குன்னு தனி எழுத்து இல்ல, ககரத்தை வச்சு ஓட்டினாங்க, பிறகு அது தொண்டைக்குள்ள இறங்கி 'அர்ஆ' ஆயிருச்சு, எரேமியால ரெண்டும் மாட்டிக்கிச்சு.

உத்தரப்பிரதேசத்துக்காரர் ரம்ஜான்னு சொல்றதை நம்மூர் பள்ளிவாசல் நோட்டீஸ்ல ரமளான்னு போடுறாங்கல்ல, தொழுகைக்கு முன்னாடி உளூ, கடமைக்கு பர்ளு, எல்லாத்துலயும் அதே ளாத் எழுத்துதான்.