மலைப்பூண்டை நசுக்கும்போது என்ன நடக்கிறது?

கொடைக்கானலிலிருந்து மன்னவனூர் போகும் வழியில் இருக்கிறது பூம்பாறை. அங்கே படிக்கட்டு வயல்களில் விளையும் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூண்டைக் கொத்தாகக் கட்டி, அடுப்புப் புகை படும்படி தொங்கவிடுவது மலைக்காரர்களின் பழைய வழக்கம். சாலையோரக் கடைகளில் அதை “இதயத்துக்கு நல்லது” என்று சொல்லித்தான் விற்கிறார்கள்.

உரித்த முழுப் பல்லை முகர்ந்து பாருங்கள், வாசனை லேசாகத்தான் வரும். அம்மியில் வைத்து ஒரு தட்டு தட்டினால் நெடி மூக்கில் ஏறும். அதுவரை பூண்டில் இல்லாத ஒரு பொருள் அப்போதுதான் பிறக்கிறது. அல்லின் என்ற கந்தகச் சேர்மமும் அல்லினேஸ் என்ற நொதியும் பல்லுக்குள் தனித்தனியே அடைபட்டிருக்கின்றன. நசுக்கியதும் இரண்டும் கலந்து, சில நொடிகளில் அல்லிசின் உருவாகிறது. கடிக்க வரும் பூச்சியை விரட்டப் பூண்டு வைத்திருக்கும் ஆயுதம் அது. நம் இதயத்தைப் பற்றி அதற்கு அக்கறை ஏது?

அல்லினேஸ் சூடு தாங்காது. முழுப் பல்லாகப் போட்டுக் காய்ச்சும் பூண்டுப்பாலில் அல்லிசின் அதிகம் உருவாக வழியில்லை. நசுக்கிப் பத்து நிமிடம் வைத்திருந்து பிறகு அடுப்பேற்றினால் ஓரளவு பயன் தங்கும். பூண்டுப்பாலின் ருசி வேறு விஷயம். அதில் குறை சொல்ல மாட்டேன்.

அல்லிசின் ரத்தத்தில் அப்படியே உலவுவதில்லை, வேறு கந்தகச் சேர்மங்களாக மாறிவிடுகிறது. அவற்றிலிருந்து நம் சிவப்பணுக்கள் ஹைட்ரஜன் சல்பைடைத் தயாரிப்பதை அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007இல் காட்டினார்கள். அழுகிய முட்டையில் நாறும் அதே வாயுதான். மிகச் சிறிய அளவில் அது ரத்தக் குழாய்ச் சுவரின் தசையைத் தளர்த்துகிறது. குழாய் விரிந்தால் அழுத்தம் குறையும். எலியின் ரத்தக் குழாயில் இதைக் கண்டார்கள். உயர் ரத்த அழுத்தம் உள்ள மனிதர்களிடமும் பூண்டால் சற்றே குறைவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன.

கொழுப்பு விஷயத்தில்தான் ஏமாற்றம். அதே 2007இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 192 பேரை ஆறு மாதம் கவனித்தார்கள். பச்சைப் பூண்டு தின்றவர்களுக்கும் சரி, பூண்டு மாத்திரை விழுங்கியவர்களுக்கும் சரி, கெட்ட கொழுப்பு குறையவில்லை. மலைப்பூண்டு காரமானது என்பதற்காக அது கொழுப்பைக் கரைத்துவிடும் என்று நம்ப எனக்குத் துணிவில்லை.

ரத்தம் உறைய உதவும் ரத்தத் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டுவதையும் பூண்டுச் சேர்மங்கள் தடுக்கின்றன. ஆகவே ஆஸ்பிரின், வார்ஃபரின் போன்று ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளைச் சாப்பிடுகிறவர்களும், அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவர்களும் தினமும் பச்சைப் பூண்டு தின்பதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். அவர் மாத்திரைகளைப் பற்றிக் கேட்பார். பூண்டைப் பற்றிக் கேட்க அவருக்குத் தோன்றாமல் போகலாம்.