சுண்ணாம்புக் கோடும் ட்ரோன் படமும்

ஒரே ஒரு படத்தை வைத்து நிலத்தை அளக்க முடியாது. ஒரு வீடு சிறியதாகத் தெரிந்தால், அது சின்ன வீடா, தள்ளி இருக்கும் வீடா என்று அந்தப் படம் சொல்லாது. வேறோர் இடத்திலிருந்து இன்னொரு படம் எடுத்தால் விடை கிடைத்துவிடும். இரண்டு கேமரா நிலைகளிலிருந்தும் வீட்டின் மூலைக்குக் கோடு இழுத்தால், கோடுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளியே அந்த மூலை. போட்டோகிராமெட்ரி எனப்படும் ஒளிப்பட அளவியலின் அடிப்படை இவ்வளவுதான்.

கிராமத்து வீட்டுமனைகளுக்கு உரிமைச் சான்றான சொத்து அட்டை வழங்க 2020 ஏப்ரல் 24 அன்று தொடங்கிய ஸ்வாமித்வா திட்டத்தில், இந்திய நில அளவைத் துறை கிராமக் குடியிருப்புகளை இப்படித்தான் அளக்கிறது. ஏர் ஓட்டுவதுபோல ட்ரோன் போய்த் திரும்பி, போய்த் திரும்பிப் படமெடுக்கிறது. அடுத்தடுத்த படங்கள் பெருமளவு ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். ட்ரோன் அளவையில் 70, 80 சதவீதம் வரை வைப்பது வழக்கம். பல படங்களில் தெரியும் ஒரே புள்ளிகளை மென்பொருள் தேடிப் பிடித்து, கேமரா நின்ற இடங்களையும் தரைப்புள்ளிகளின் இடங்களையும் சேர்த்தே கணக்கிடுகிறது.

இதில் ஒரு பெரிய ஆபத்து உண்டு. எல்லாப் படங்களையும் நேர் கீழாகவே எடுத்தால், லென்ஸின் நுண்ணிய பிழை படத்துக்குப் படம் சேர்ந்து, தட்டையான நிலத்தையே மேடாகவோ குழியாகவோ வளைத்துக் காட்டும். படமோ பார்க்க அழகாகத்தான் இருக்கும்! அதனால்தான் தரையில் சில புள்ளிகளை ஜிபிஎஸ் கருவியால் துல்லியமாக அளந்து கணக்கில் சேர்க்கிறார்கள். வேறு சில புள்ளிகளை அளந்தும் கணக்கில் சேர்க்காமல், கடைசியில் சரிபார்க்க வைத்துக்கொள்வார்கள். இந்தச் சோதனை இல்லாத வரைபடத்தை நம்பக் கூடாது என்பேன்.

துல்லியத்துக்கு உயரமும் முக்கியம். 2.4 மைக்ரோமீட்டர் பிக்சலும் (படத்தைப் பதியும் மிகச்சிறிய கட்டம்) 8.8 மில்லிமீட்டர் குவியத்தூரமும் (லென்ஸுக்கும் படம் விழும் தளத்துக்கும் உள்ள தூரம்) கொண்ட கேமரா 100 மீட்டர் உயரத்தில் பறந்தால், ஒரு பிக்சல் தரையில் சுமார் 2.7 சென்டிமீட்டர். பாதி உயரத்துக்கு இறங்கினால் அதுவும் பாதியாகும்.

சரி, மனைக்கும் மனைக்கும் நடுவில் உள்ள எல்லை கேமராவுக்குத் தெரியுமா? சுவரோ வேலியோ இல்லாவிட்டால் தெரியாது. ஆகவே ட்ரோன் கிளம்பும் முன்பே, உரிமையாளர்களை வைத்துக்கொண்டு எல்லையில் சுண்ணாம்புத் தூளால் கோடு போடுகிறார்கள். மொத்த வேலையிலும் முக்கியமான கட்டம் இதுதான் என்று நினைக்கிறேன். இங்கே தவறினால் எந்த மென்பொருளாலும் திருத்த முடியாது. மரம் மூடிய எல்லையும், கூரைக்கு அடியில் உள்வாங்கிய சுவரும் மேலிருந்து தெரியாது. அதனால் முதல் வரைபடத்தோடு வருவாய்த் துறையினர் மறுபடி ஊருக்கு வந்து சரிபார்க்கிறார்கள். ஆட்சேபம் கேட்டு, திருத்தி, அப்புறம்தான் சொத்து அட்டை.