நாவலின் முதல் காட்சியில் பனி எதற்குப் பெய்கிறது?

நாவல் பிரதிகளைப் படித்து எடிட் செய்வது என் தொழில். மதுரைப் பக்கத்துப் புது எழுத்தாளர்கள் கொடுக்கும் பிரதிகளில் நிறைய, கோபுர தரிசனத்தில் தொடங்கும். இல்லையென்றால் அலாரம் அடித்து நாயகன் எழுந்து, கண்ணாடி முன்னால் நின்று தன் நிறம், உயரம், மீசை எல்லாவற்றையும் நமக்கு ஒப்பிப்பான். உள்ளே நல்ல கதை இருக்கும், வாசகர் அங்கே போய்ச் சேராமலே மூடி வைத்துவிடுவார், அதுதான் எனக்கு வருத்தம்.

போன வருஷம் ஒரு தம்பி பூ வியாபாரி ஒருவரின் கதையைக் கொண்டுவந்தார். முதல் பக்கம் முழுக்க மார்கழிப் பனி, வெண்போர்வை, முத்து முத்தாய்த் துளிகள். அடுத்த பக்கத்தில் அவர் வயது, மனைவி பெயர், பிள்ளைகள், கடன் எவ்வளவு என்று ரேஷன் கார்டு மாதிரி வரிசை. பதினோராம் பக்கத்தில்தான் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் வருகிறது: விடியும் முன்னே கமிஷன் கடை வாசலில் ஒரு சாக்கை அவிழ்த்து, அடிவரை கையை விட்டு மல்லி மொட்டை அள்ளிப் பார்க்கிறார், விரிந்த பூ நாலு தட்டுப்பட்டதும் முகம் மாறுகிறது, அந்த நேரம் பார்த்து மகளிடமிருந்து போன், ஈரக் கையை வேட்டியில் துடைத்துவிட்டு எடுக்காமல் நிற்கிறார்.

"தம்பி, உங்க நாவல் இங்கதான் ஆரம்பிக்குது."

"அப்ப பனியை வெட்டிரவாண்ணே?"

வெட்ட வேண்டாம். பனிக்காலத்தில் மல்லி வரத்து குறையும், மார்கழி, தையில் விலை எகிறும். பூ விற்கிறவருக்குப் பனி போர்வையும் இல்லை, முத்தும் இல்லை, இன்றைக்குக் கிலோ என்ன விலைக்கு எடுக்கணுமோ என்ற பயம். அந்தப் பயத்தோடு அவர் பனியைப் பார்த்தால் சூழலும் ஆளும் ஒரே வரியில் வந்துவிடும். முதலில் வர்ணனை, அப்புறம் பாத்திரம் என்று தனித்தனியாக எழுதினால் இரண்டும் ஒட்டாது.

பேரையும் இன்னொருவர் வாயால் சொல்ல வையுங்கள். மாப்ள, பங்காளி, அண்ணாச்சி என்று நம் ஊரில் கூப்பிடுகிற விதமே பாதி உறவைச் சொல்லிவிடும். வத்தலக்குண்டில் பிறந்த ராஜம் ஐயர் 1893-ல் விவேக சிந்தாமணி இதழில் கமலாம்பாள் சரித்திரம் நாவலைத் தொடராக எழுத ஆரம்பித்தவர், மதுரை ஜில்லாவின் சிறுகுளம் கிராமத்தை அந்த ஊர்ப் பெண்களின் வம்புப் பேச்சை வைத்தே நமக்குப் பழக்கிவிடுவார். ஆட்களின் எண்ணிக்கையிலும் கவனம் வேண்டும், முதல் காட்சியில் மூன்று பேருக்கு மேல் வந்தால் எனக்கே குழம்பும்.

மூன்று மாதம் கழித்துத் தம்பி திருத்திக் கொண்டுவந்தார். முதல் வரியில் சாக்கு அவிழ்கிறது. நாலாவது வரியில் கமிஷன் கடைக்காரர், "என்ன மாப்ள, பழைய பாக்கி?" என்கிறார். கடன் எவ்வளவு என்று எங்கேயும் எழுதவில்லை. வேட்டி மடிப்பில் போன் அடித்துக்கொண்டிருக்கிறது.