கத்கா: சொல்லும் பொருளும்

கத்கா (பெயர்ச்சொல், பஞ்சாபி): 1. தோல் கைப்பிடி பூட்டிய, சுமார் மூன்றடி நீளப் பயிற்சிக் கம்பு. 2. அந்தக் கம்பைக் கொண்டு சீக்கியர் பயிலும் போர்க்கலை.

செய்திகளில் இன்று புழங்குவது இரண்டாவது பொருள். ஆனால் முதல் பொருளிலிருந்துதான் இரண்டாவது பிறந்தது. கலைக்குப் பெயர் தந்தது வாள் அல்ல, வாளுக்குப் பதிலாகப் பிடித்த கம்பு. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் இந்தச் சொல்லைச் சுற்றியுள்ள குழப்பம் பாதி தீரும்.

முதலில் எழுத்து. தமிழில் பலரும் "கட்கா" என்று எழுதுகிறார்கள். பஞ்சாபியில் நடுவில் வருவது நாக்கு பல்லைத் தொடும் தகர ஒலி. ஆகவே "கத்கா" என்பதே சரி. "கட்கா" என்று எழுதினால் வாளைக் குறிக்கும் "கட்கம்" நினைவுக்கு வரும். இரண்டுக்கும் உறவில்லை.

வேரைத் தேடினால், பீமன் கையில் நாம் பார்க்கும் கதாயுதத்தின் "கதா"வோடு "க" என்ற சிறுமை விகுதி சேர்ந்து பிறந்தது என்பது பரவலான விளக்கம். அதாவது சின்னத் தண்டு. தடியைக் குறிக்கும் பாரசீகச் சொல்லான "குத்கா"வோடு இணைப்பவர்களும் உண்டு. எந்த வழியில் போனாலும் வந்து நிற்பது தடியில்தான். "கதி", அதாவது வீடுபேறு, என்பதோடு சேர்த்துச் சொல்லப்படும் விளக்கம் பக்தியால் எழுந்தது. சொற்பிறப்பாக அதைக் கொள்ள முடியாது.

சீக்கியப் போர்க்கலை முழுவதற்கும் உரிய பெயர் "சஸ்தர் வித்யா". சஸ்திரம் என்றால் கையில் பிடித்தபடி போரிடும் படைக்கலம், அஸ்திரம் என்றால் ஏவும் படைக்கலம். தமிழில் இவற்றுக்குக் கைப்படை, கைவிடுபடை என்ற சொற்கள் உண்டு. ஆறாம் குருவான ஹர்கோபிந்த் 1606-இல் ஆன்மிக அதிகாரத்துக்கு ஒன்றும் உலகியல் அதிகாரத்துக்கு ஒன்றுமாக இரு வாள்களை அணிந்தார். 1699-இல் ஆனந்த்பூரில் குரு கோபிந்த் சிங் தீட்சை பெற்ற சீக்கியரின் அமைப்பான கால்சாவை நிறுவினார். படைப்பயிற்சி சமய ஒழுக்கத்தோடு பிணைந்தது இப்படித்தான். சீக்கியப் போர்வீரர் மரபினரான நிஹாங்குகள் ஆண்டுதோறும் ஆனந்த்பூரில் ஹோலா மொஹல்லா திருவிழா நாளில் இதை இன்றும் நிகழ்த்துகிறார்கள். 1849-இல் பஞ்சாபைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் மக்களிடமிருந்து படைக்கலங்களைப் பறித்தார்கள். கையில் மிஞ்சியது கம்பு. பயிற்சியின் ஒரு படிநிலைக்கு இருந்த பெயர் மெல்லமெல்லக் கலை முழுவதற்கும் பெயரானது.

பயிற்சி தொடங்குவது கையில் அல்ல, காலில். "பைந்த்ரா" என்பது முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் மாறும் நான்கடித் தாளம். நகாரா அல்லது டோல் முழக்கத்துக்கு ஏற்ப வெறுங்கையோடு பழகுவது. முழங்கால் சற்றே மடங்கி, குதிகால் தரையில் அழுந்தாமல் இருக்க வேண்டும். புதியவர்கள் தாளம் தவறிவிடுமோ என்று காலையே பார்ப்பார்கள். தலை குனியும், எதிராளி கண்ணிலிருந்து மறைவார். கால்கள் குறுக்கே பின்னிக்கொள்வது அடுத்த பிழை. அந்தக் கணத்தில் லேசாகத் தள்ளினாலே ஆள் விழுந்துவிடுவார்.

அதன் பிறகு வலக்கையில் "சோட்டி" என்னும் கம்பு, இடக்கையில் "ஃபரி" என்னும் சாண் அகலத் தோல் கேடயம். முழங்கையை விறைத்து வீசினால் அடிக்கு முன்பே தோள் உயர்ந்து எண்ணத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். வீச்சு மணிக்கட்டிலிருந்து வர வேண்டும். ஃபரியை மார்போடு ஒட்டிப் பிடித்தால் அடியின் வேகம் உடம்பில் இறங்கும். முகத்துக்கு நேரே தூக்கினால் தன் கண்ணையே மறைக்கும். முழங்கை மடங்கி, கேடயம் உடம்பை விட்டு முன்னே நின்று, வரும் அடியைச் சாய்வாக வாங்கிப் பக்கவாட்டில் வழுக்கிவிட வேண்டும். கம்பில் நார் பிரிந்திருந்தால் அன்றே ஒதுக்கிவிடுங்கள். சிம்பு தெறித்தால் கண் போய்விடும்.

கம்புக்கு ஒரு குறையும் உண்டு. அது உருண்டை, விளிம்பு கிடையாது. எப்படிச் சுழற்றினாலும் அடி விழும். அதே பழக்கத்தோடு வாளுக்கு மாறினால் கூர் படாமல் தட்டைப்பக்கம் படும், மணிக்கட்டும் பிசகும். கம்பின் ஒரு பக்கத்தில் நீளவாக்கில் கோடு போட்டு, அதையே வாளின் கூர்விளிம்பாக எண்ணி முதல் நாளிலிருந்தே பழகுவது நல்லது.

இந்தக் காலத்தில் வாள்வித்தை எதற்கு என்ற கேள்விக்கு விடை அந்தக் கம்பிலேயே இருக்கிறது. எதிராளியைக் காயப்படுத்தாமல், அவர் எட்டும் தொலைவை அளந்து, தொட்டுவிட்டு விலகக் கற்றுத் தரும் கருவி அது. வலப்பக்கமும் இடப்பக்கமும் ஒத்து இயங்கும், மூச்சு நீளும், அடி வரும்போது கண் இமைக்காமல் இருக்கப் பழகும். விளையாட்டாகவும் அது வளர்ந்துவிட்டது. களரிப்பயட்டு, மணிப்பூரின் போர்க்கலையான தாங்-தா, மல்லகம்பத்தோடு கத்காவும் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் சேர்க்கப்பட்டது. 2023 கோவா தேசிய விளையாட்டுப் போட்டிகளிலும் இடம்பெற்றது. கேடயத்தோடு ஆடுவது "ஃபரி சோட்டி", கம்பு மட்டும் என்றால் "சிங்கிள் சோட்டி".

மேடையில் டியூப்லைட்டை உடம்பில் உடைப்பதும், கண்ணைக் கட்டிக்கொண்டு படுத்திருப்பவரைச் சுற்றித் தேங்காய் உடைப்பதும் இந்தப் பெயரில் நடக்கின்றன. அவை வேடிக்கை. பைந்த்ரா நான்கடி கூட ஒழுங்காக வராதவருக்கும் அதில் கைதட்டல் கிடைக்கும். பிள்ளைகளைச் சேர்க்கும் பெற்றோர், முதல் சில மாதங்கள் காலடிப் பயிற்சியை வலியுறுத்தும் ஆசானையே தேட வேண்டும்.

தமிழில் என்ன சொல்வது? "சீக்கியச் சிலம்பம்" என்பது பொருந்தாது. சிலம்பக் கம்பு நீளமானது, பெரும்பாலும் இரு கையாலும் சுழற்றுவது, கேடயமும் கிடையாது. "வாள்வீச்சு" என்றால் ஒலிம்பிக் ஃபென்சிங் என்று ஆகிவிடும். கலையின் பெயரைக் கத்கா என்றே வைத்துக்கொண்டு, கருவிக்கு "வாட்கோல்" என்றும், சஸ்தர் வித்யாவுக்குப் "படைக்கலப் பயிற்சி" என்றும் எழுதலாம். ஃபரிக்குத் தோதான சொல் நம்மிடம் ஏற்கெனவே உள்ளது: தோல். தொல்காப்பியம் "தோலின் பெருக்கம்" என்று சொல்வது கேடயப்படையைத்தான். இன்றைய வாசகருக்குத் "தோற்கேடயம்" என்றால் தடையில்லாமல் புரியும்.

கிர்பான் என்னும் குறுவாளை இதோடு கலக்கக் கூடாது. அது கால்சா சீக்கியர் அணியும் ஐந்து சமய அடையாளங்களுள் ஒன்று. அதை அணிவதும் வைத்திருப்பதும் சீக்கிய சமயத்தைப் பின்பற்றுவதன் பகுதி என்று அரசமைப்புச் சட்டத்தின் 25-ஆம் பிரிவின் விளக்கக் குறிப்பு சொல்கிறது. கத்கா ஆட்டக்காரர் கையில் இருப்பதைக் "கிர்பான்" என்று படவிளக்கத்தில் எழுதுவது தவறு. கம்பு என்றால் சோட்டி, வளைந்த வாள் என்றால் தல்வார், இருபுறமும் கூருள்ள நேர்வாள் என்றால் கண்டா.